இருட்டறை முதுகில் ஏறிய கதை

கேமரா பை வாங்கப் போகிறவர்கள் இன்றைக்குக் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "இதுல லேப்டாப் வைக்க இடம் இருக்கா?" என்பதுதான். எத்தனை லென்ஸ் பிடிக்கும், மழை பெய்தால் நனையுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் விசித்திரமான கேள்வி. தையல் மெஷின் வாங்கப் போகிறவர் அதன் உறையில் இஸ்திரிப் பெட்டிக்கு இடம் இருக்கா என்று கேட்பதில்லை. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் எப்படி ஒரே பை வந்தது?

பதில் தேடிக் கிளம்பினால் 1855ம் வருடத்துக் குதிரை வண்டி ஒன்றில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. லேப்டாப் என்பது கேமரா பைக்குள் புதிதாக நுழைந்த விருந்தாளி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பழைய ஆள், வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பழைய ஆளின் பெயர் இருட்டறை. சரி, கதைக்கு வருவோம்.

வண்டியில் போன இருட்டறை

1851ல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்கிற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அதே ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடித்துவிட வேண்டும். மொத்த அவகாசம் 10, 15 நிமிடம்தான். படம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருட்டறை இல்லையென்றால் படமே இல்லை.

ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் 1855ல் கிரிமியப் போரைப் படம் எடுக்கக் கிளம்பினார். ஒயின் வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை வாங்கி அதை இருட்டறையாக மாற்றிக்கொண்டார். கூடவே 5 கேமராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், 36 பெரிய பெட்டிகள். வண்டியை ஓட்ட மார்கஸ் ஸ்பார்லிங் என்ற உதவியாளர். வெயிலில் வண்டிக்குள் அனல் பறக்க, தகடுகள் சீக்கிரமே காய்ந்துபோயின. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற அந்த வண்டி எதிரிகளின் பீரங்கிக்கும் நல்ல இலக்காக இருந்தது. இத்தனை அவஸ்தைக்கு நடுவில் அவர் 350க்கும் மேற்பட்ட படங்களோடு ஊர் திரும்பினார்.

ஃபென்டனின் "கேமரா பை" என்பது அந்த வண்டிதான். அதில் கேமராக்கள் பிடித்த இடம் கொஞ்சம். மீதி இடம் முழுக்க, எடுத்ததைப் படமாக ஆக்குகிற வேலைக்கே போயிற்று.

சுமையை இறக்கி வைத்தவர்

1871ல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் உலர் தகட்டுக்கு வழி காட்டினார். இப்போது எடுத்தும் அப்புறமும் கழுவலாம். படம் எடுப்பதும் படத்தைக் கழுவுவதும் இரண்டு வேறு வேலைகளாகப் பிரிந்தன.

அந்தப் பிரிவை வியாபாரமாக்கியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன். 1888ல் வந்த முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான ஃபிலிம் போட்டே விற்றார்கள். எல்லாம் எடுத்து முடித்ததும் கேமராவையே அப்படியே ராச்செஸ்டரில் இருந்த கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டினால் அவர்களே கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாடிக்கையாளரின் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும்.

ஈஸ்ட்மேன் என்றால் ஃபிலிம் ரோல் என்றுதான் ஞாபகத்துக்கு வரும். என்னைப் போன்ற காமர்ஸ் மாணவனுக்கு அதைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது இந்த ஏற்பாடு. இருட்டறையை வாடிக்கையாளரின் தலையிலிருந்து இறக்கி ஃபேக்டரியில் வைத்துவிட்டார் மனிதர்! நம்ம ஊரில் "ஃபிலிம் கழுவக் குடுத்திருக்கேன், நாளைக்கு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மீன் பிடிக்கிற பையும் மலை ஏறுகிற பையும்

1925ல் ஜெர்மனியில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த அந்தக் கேமரா உள்ளங்கையில் அடங்கியது. 35 மி.மீ. ஃபிலிமில் 36 படம். வண்டி போய், பெட்டி போய், கடைசியில் கேமராவின் அளவுக்கே தைத்த ஒரு தோல் உறை போதும் என்றாயிற்று. சுமை மிகக் குறைவாக இருந்த காலம் அது.

பிறகு லென்ஸ் மாற்றுகிற கேமராக்கள் பெருகின. ஒரு உறை போதவில்லை, பை தேவைப்பட்டது. அந்தப் பை வந்த வழிகள் சுவாரசியமானவை. இங்கிலாந்தில் மார்ட்டின் பில்லிங்ஹாம் 1973ல் ஆரம்பித்தது மீன்பிடிப் பைகள் தைக்கிற கம்பெனி. 1970களின் கடைசியில்தான் அவர்களுக்கு விஷயம் தெரிய வந்தது: நியூயார்க்கில் தங்கள் பைகளை வாங்குபவர்களில் நிறைய பேர் மீன் பிடிப்பவர்கள் இல்லையாம், போட்டோகிராபர்களாம்! தண்ணீர் புகாத துணி, நல்ல தோல் வார், நிறைய அறைகள். தூண்டில் சாமானுக்குச் சரியாக இருந்தது லென்ஸுக்கும் சரியாக இருந்தது. கம்பெனி கேமரா பைக்கே திரும்பிவிட்டது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா இன்கொயரர் பத்திரிகையின் போட்டோகிராபர் ஜிம் டோம்கே, 1970களின் நடுவில் தனக்கு வேண்டிய மாதிரி ஒரு கான்வாஸ் பையை உருவாக்கினார். கனமான ஸ்பாஞ்சு சுவர்கள் இல்லாமல், இடுப்போடு ஒட்டித் தொங்குகிற பை. இன்னொரு பக்கம் மலையேற்றக்காரரான கிரெக் லோவின் பெயரிலிருந்து லோவெப்ரோ பைகள் வந்தன. முதுகில் சுமக்கிற பழக்கம் மலையிலிருந்து கேமராவுக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பைகள் எதிலும் இருட்டறைக்கு இடம் இல்லை. தேவையும் இல்லை. 2 கேமரா, 3 லென்ஸ், 20 ரோல் ஃபிலிம், தீர்ந்தது. எடுத்த ஃபிலிம் பைக் ஆள் மூலமாகவோ, விமானத்திலோ ஆபீஸுக்குப் போகும். அங்கே அதைக் கழுவச் சம்பள ஆட்கள் இருந்தார்கள்.

ஓட்டல் குளியலறை

வெளியூர் போகிற பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. 1935 ஜனவரி 1 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தந்தி வழியாகப் படம் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு வெளியூரில் வேலை இப்படித்தான் நடந்தது: ஓட்டல் அறையின் குளியலறை ஜன்னலைத் துணியால் மூடி, வாஷ்பேசினில் ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு, அதை உருளை மாதிரியான கருவியில் சுற்றி, டெலிபோன் லைனில் அனுப்ப வேண்டும். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போகவே பல நிமிடம் ஆகும். வண்ணப் படம் என்றால் அதே படத்தை மூன்று முறை அனுப்ப வேண்டும். 1980களில் ஃபிலிமையே நேராக ஸ்கேன் செய்து அனுப்புகிற பெட்டிகள் வந்து பிரிண்ட் போடுகிற வேலை குறைந்தது. ஆனாலும் ஃபிலிமைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஃபென்டனின் வண்டி காணாமல் போகவில்லை, சின்னதாகச் சுருங்கி ஓட்டல் குளியலறைக்குள் ஒளிந்திருந்தது என்று சொல்லலாம்.

கேபிள் மாட்டிய கேமரா

1975ல் கோடக் கம்பெனியின் ஸ்டீவ் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு படம் கேசட்டில் பதிய 23 வினாடி. அது பரிசோதனைக் கூடத்து விஷயம். கடைக்கு வந்தது 1991ல், கோடக் டி.சி.எஸ். என்ற பெயரில். நிக்கான் எஃப்3 கேமராவின் பின்னால் 1.3 மெகாபிக்சல் சென்சார் பொருத்தியிருந்தார்கள். விலை 20,000 டாலருக்குக் குறையாது.

இந்தக் கேமராவைப் பற்றி எல்லோரும் மெகாபிக்சலைத்தான் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது அதன் கேபிளை. கேமராவிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, போட்டோகிராபர் தோளில் தொங்குகிற ஒரு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்குள் 200 எம்.பி. ஹார்ட் டிஸ்க், பேட்டரி, படம் பார்க்க ஒரு குட்டி கறுப்பு வெள்ளைத் திரை. கீபோர்டு மாட்டி, படத்துக்குக் குறிப்பு எழுதவும் முடியும். திரை, டிஸ்க், கீபோர்டு... இதற்கு என்ன பெயர்? கம்ப்யூட்டர்தானே! முதல் வருடத்திலிருந்தே டிஜிட்டல் கேமராவோடு ஒரு கம்ப்யூட்டர் தோளில் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மொத்தம் 987 தான் விற்றன. ஆனால் அந்த 987 பேரின் தோளில் எதிர்காலம் தொங்கியது.

அடுத்த மாடலிலேயே டிஸ்க் கேமராவுக்குள் போய்விட்டது. 1994ல் அசோசியேட்டட் பிரஸ்ஸும் கோடக்கும் சேர்ந்து கொண்டுவந்த என்.சி.2000 கேமராவில், கழற்றி எடுக்கிற கார்டில் படம் பதியும். அதே மாதிரிக் கார்டைப் போட அந்தக் கால லேப்டாப்களின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. கார்டைக் கழற்று, லேப்டாப்பில் சொருகு, படத்தைத் தேர்ந்தெடு, மோடத்தில் அனுப்பு. குளியலறை மறுபடி குளிப்பதற்குக் கிடைத்தது :)

1999ல் நிக்கான் டி1 வந்தது. விலை 6,000 டாலருக்கும் கீழே. 2003ல் கேனான் 300டி, லென்ஸோடு சுமார் 1,000 டாலர். பத்திரிகைக்காரர்களின் பிரச்சினை அத்தோடு கல்யாண போட்டோகிராபருக்கும், கல்லூரி மாணவனுக்கும் வந்து சேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அந்தக் காலத்தில் லேப்டாப் ஏன் கட்டாயம் ஆயிற்று என்பதை ஒரு வகுத்தல் கணக்கே சொல்லிவிடும். 300டி கேமராவில் ரா வடிவப் படம் ஒன்று ஏறத்தாழ 7 எம்.பி. கையில் இருப்பது 256 எம்.பி. கார்டு என்று வையுங்கள். 256ஐ 7ஆல் வகுத்தால் 36. ஆமாம், ஒரு ஃபிலிம் ரோலில் எத்தனையோ அத்தனையேதான்! ஃபிலிம் தீர்ந்தால் இன்னொரு ரோல் வாங்கலாம், அப்போதிருந்த விலைக்குக் கார்டை அப்படி வாங்கிக் குவிக்க முடியாது. எங்காவது கொட்டிக் காலி செய்தாக வேண்டும். கொட்டுகிற இடம் லேப்டாப்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் காசு. நாம் படிக்கிற பாஷையில் சொன்னால் அது மாறும் செலவு. டிஜிட்டலில் கேமரா, கார்டு, லேப்டாப் என்று எல்லாமே முதலில் போடுகிற நிலையான செலவு. அடுத்த படம் எடுக்க ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இலவசம் என்றால் நம் விரல் சும்மா இருக்குமா? 100 எடுத்த இடத்தில் 1,000 எடுத்தார்கள். அந்த 1,000ல் நல்லதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, பெயர் போட்டு வைப்பது யார்? லேப் ஆள் இல்லை. எடுத்தவரே ராத்திரி உட்கார்ந்து செய்கிறார். ஈஸ்ட்மேன் 1888ல் இறக்கி வைத்த சுமையை, 100 வருடம் கழித்துப் போட்டோகிராபர் மறுபடி தூக்கிக்கொண்டார். இந்தத் தடவை கூலி இல்லாமல்.

கேமரா பையில் லேப்டாப் அறை என்பதை வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். வேலை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் முதுகுக்கு இடம் மாறியதன் அடையாளமாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

15 இன்ச் என்கிற குழப்பம்

பை தைப்பவர்களுக்கு இதில் பெரிய தலைவலி காத்திருந்தது. கேமராவின் உருவம் பல வருடமாகப் பெரிதாக மாறவில்லை. லேப்டாப்போ மாறிக்கொண்டே இருந்தது. 1981ல் வந்த ஆஸ்பார்ன் 1 சுமார் 11 கிலோ. 2008ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தபால் கவருக்குள்ளிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏர் 1.36 கிலோ.

எடை குறைந்தது நல்லதுதான். குழப்பம் அளவில். "15 இன்ச் லேப்டாப் வைக்கலாம்" என்று பையில் எழுதியிருக்கும். அந்த 15 திரையின் மூலைவிட்டம் மட்டுமே. பழைய 4:3 திரையில் 15 இன்ச் என்றால் அகலம் 30.5 செ.மீ., உயரம் 22.9 செ.மீ. பிறகு வந்த 16:10 திரையில் 15.4 இன்ச் என்றால் 33.2 அகலம், 20.7 உயரம். அதற்கும் பிறகு 16:9 திரையில் 15.6 இன்ச் என்றால் 34.5 அகலம், 19.4 உயரம். பெயரளவில் மூன்றும் 15தான். ஆனால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அகலத்தில் 4 செ.மீ. வித்தியாசம்! முதலாவதை அளந்து தைத்த பையில் மூன்றாவது நுழையவே நுழையாது.

அடுத்த கேள்வி, லேப்டாப்பை எங்கே வைப்பது? பையின் வெளிப்பக்கம் வைத்தால் எடுக்கச் சுலபம், ஆனால் பஸ்ஸில் இடிக்கிற ஒவ்வொரு முழங்கையும் திரையில் இடிக்கும். எடை முதுகை விட்டுத் தள்ளி நிற்பதால் தோள் பின்னால் இழுபடும். முதுகோடு ஒட்டி வைத்தால் எடை உடம்போடு சேர்ந்துவிடும், திரைக்கும் பாதுகாப்பு.

விமான நிலையம் வகுத்த அளவு

பையின் வடிவத்தைத் தையல்காரர்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. 2006 ஆகஸ்ட் 10 அன்று, திரவ வெடிகுண்டால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து கிளம்பிய பயணிகளுக்குச் சில நாட்கள் கைப்பையே கூடாது என்றார்கள். பிறகு ஒரே ஒரு பை, 45 x 35 x 16 செ.மீ. அளவில், என்று தளர்த்தினார்கள். அளவு செப்டம்பரில் பெரிதானாலும், ஒரே பை என்ற விதி ஹீத்ரோவில் 2008 ஜனவரி வரை நீடித்தது. அதுவரை தோளில் கேமரா, கையில் லேப்டாப் என்று இரண்டாகத் தூக்கியவர்களுக்கு வேறு வழி இல்லை. இரண்டும் ஒரே பைக்குள் போயே ஆக வேண்டும்.

2008 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில், உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கக் கூடாது என்ற விதி வந்தது. அதற்கு நேர் எதிராக 2017 மார்ச்சில், குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து வரும் விமானங்களில் போனைவிடப் பெரிய மின்சாதனம் எதையும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் தடை போட்டன. லேப்டாப்பும் பெரிய கேமராவும் சரக்கோடு போக வேண்டியதாயிற்று. ஜூலையில் அமெரிக்கா தடையை விலக்கிக்கொண்டது.

நம் நாட்டுக்குள் பறந்தால் சாதாரண வகுப்பில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. காலிப் பை 1.8 கிலோ, கேமராவும் 2 லென்ஸும் 2.2 கிலோ, லேப்டாப் 2 கிலோ, சார்ஜர் வகையறா அரை கிலோ என்று வைத்தால் 6.5 ஆகிவிட்டது. ஒரு சட்டைக்கு இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு முதுகுப் பையில் ஒரு போர்

கடைசியாக ஒரு கதை. இதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது.

1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் உள்நாட்டுப் போரை ராபர்ட் காப்பா, கெர்டா டாரோ, சிம் என்ற டேவிட் சீமோர் மூவரும் படம் எடுத்தார்கள். டாரோ 1937ல் அந்தப் போரிலேயே இறந்துபோனார். காப்பா 1939ல் பாரிஸிலிருந்து நியூயார்க் கிளம்பியபோது நெகட்டிவ்கள் பாரிஸிலேயே தங்கிவிட்டன. ஜெர்மன் படை நெருங்கியபோது, காப்பாவின் நண்பரும் இருட்டறை உதவியாளருமான சிக்கி வைஸ் அந்த நெகட்டிவ்களை ஒரு முதுகுப் பையில் போட்டு, சைக்கிளில் போர்டோ துறைமுகம் நோக்கிக் கிளம்பினார். வழியில் பார்த்த சிலி நாட்டுக்காரர் ஒருவரிடம், தூதரகத்தில் பத்திரமாகச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவை என்ன ஆயின என்று அவருக்குத் தெரியாது. 1975ல் ஒரு கடிதத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

காப்பா 1954ல் இறந்தார். நெகட்டிவ்கள் 3 பெட்டிகளாக மெக்சிகோ நகரத்தில் இருந்தன. 2007 டிசம்பரில்தான் நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையத்துக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள். சிக்கி வைஸும் பிற்காலத்தில் வாழ்ந்தது அதே மெக்சிகோ நகரத்தில்தான்!

நெகட்டிவ் ஒன்றுதான், அதற்கு நகல் கிடையாது. ஒரு பை கைமாறியதும் ஒரு போரின் சாட்சி 60 வருடங்களுக்கு மேல் காணாமல் போனது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஒரு நிமிடத்தில் நகல் எடுக்கலாம். ஆனால் நாம் செய்வது என்ன? படம் கேமரா கார்டில், நகல் லேப்டாப்பில், இரண்டும் ஒரே பையில், பை ரயிலில் நம் தலைக்கு மேலே. பை போனால் மூலமும் போச்சு, நகலும் போச்சு. ஃபிலிம் காலத்துப் பத்திரிகைக்காரரின் பை திருடு போனாலும், காலையிலேயே ஆபீஸுக்கு அனுப்பிய ரோல்கள் தப்பித்துவிடும். நாம் அவரைவிட மோசமான நிலையில் இருக்கிறோம்.

அப்படியானால் எந்தப் பை?

இந்த வரலாறே பதில் சொல்லிவிடுகிறது. திரையின் இன்ச்சை நம்பாமல் உங்கள் லேப்டாப்பின் வெளி உடம்பை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள்: நீளம், அகலம், தடிமன் மூன்றையும். முடிந்தால் லேப்டாப்பையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். லேப்டாப் அறை முதுகுப் பக்கம் இருக்கட்டும். அந்த அறையின் அடிப்பகுதியில் ஸ்பாஞ்சு இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பையைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் விளிம்புதான் அடி வாங்கும். காலிப் பையின் எடையைக் கேளுங்கள், 7 கிலோவில் அதுவும் சேர்த்தி.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி: லேப்டாப் தினமும் கூட வர வேண்டுமா? 36 படத்தில் கார்டு நிரம்பிய காலம் போய்விட்டது. இன்றைய கார்டில் ஒரு சுற்றுலாவே அடங்கும், அவசரப் படத்தைப் போனுக்கே அனுப்பலாம். வேலைக்குப் போகிற நாளில் இருட்டறையைத் தூக்குங்கள். ஊர் சுற்றுகிற நாளில் அதை அறையிலேயே விட்டுவிட்டு, ஃபென்டனுக்குக் கிடைக்காத சுகத்தை அனுபவியுங்கள்.

எந்தப் பை வாங்கினாலும் சரி, நகல் எடுத்து முடித்ததும் கார்டை அந்தப் பைக்குள் திரும்ப வைக்காதீர்கள். சட்டைப் பையில் வையுங்கள். நல்ல பை என்பது லேப்டாப்பையும் கேமராவையும் காப்பாற்றும். பையே போய்விட்டால் படத்தைக் காப்பாற்றப்போவது அந்தச் சட்டைப் பைதான்.